கைப்பிடியில் தையல் விட்டுப்போகிறது, யாராவது சொல்லுங்கள்

தண்டையார்பேட்டையில் வீட்டிலேயே துணிப்பை தைக்கிறேன். அம்மாவின் பழைய கருப்பு மெஷின், மோட்டார் மாட்டியது. ஜாக்கெட், காடாத்துணி எல்லாம் அழகாகத் தைக்கும். மூன்று வாரம் முன்பு வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் 12 அவுன்ஸ் கேன்வாஸ் வாங்கினேன் (அவுன்ஸ் கூடினால் துணியின் கனம் கூடும்). பக்கத் தையல் சரியாக வருகிறது. கைப்பிடி சேரும் இடத்தில் ஆறு மடிப்பு. அங்கே ஏறியதும் நாலு தையலுக்கு ஒன்று விட்டுப்போகிறது, அடியில் நூல் கொத்தாகச் சுருண்டுகொள்கிறது.

16-ம் நம்பர் ஊசியை எடுத்துவிட்டுப் புது 18 போட்டேன். பாலியஸ்டர் நூலுக்கு மாறினேன். மடிப்பைச் சுத்தியலால் தட்டி, சக்கரத்தைக் கையால் சுற்றியும் பார்த்தேன். மெக்கானிக் டைமிங் (ஊசியும் அடியில் நூலைப் பிடிக்கும் கொக்கியும் சேரும் நேரம்) சரி என்கிறார். 40 பை ஆர்டர் இருக்கிறது. காய்கறி வாங்கப் போகிறவர் கையில் பிடி அறுந்தால் எனக்கு மனசு கேட்காது.

இதே மெஷினில் 8 அவுன்ஸ் துணிக்கு இறங்கலாமா, இல்லை கம்பெனிகளில் தைக்கும் பவர் மெஷின் வாங்கித்தான் ஆக வேண்டுமா?