புதுப்பிப்பு: கொண்டைக்கடலையில் வைரமும் பென்சில் கரியும்

எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் வைரம், பென்சில் கரி போன்றவற்றில் அணுக்கள் அமைந்திருக்கும் விதத்தைக் கையால் கட்டிப் பார்க்க மலிவான வழி கேட்டிருந்தேன். ஊறவைத்த கொண்டைக்கடலையும் பல்குத்தும் குச்சியும் போதும் என்றவருக்கு நன்றி. கடலைதான் அணு, குச்சிதான் அணுக்களுக்கு இடையிலான பிணைப்பு. களிமண்ணைவிட இதுவே மேல். கடலை காயும்போது சுருங்கிக் குச்சியை இறுக்கிப் பிடித்துக்கொள்கிறது.

வைரத்துக்குத்தான் நேரம் பிடித்தது. ஒரு கடலைக்கு நாலு குச்சி, ஒவ்வொன்றுக்கும் இடையே 109.5 பாகை. கோணமானி எல்லாம் வேண்டாம். மூன்று குச்சிகளை முக்காலிபோல் ஊன்றி, நாலாவதை நேர் மேலே குத்தச் சொன்னால் ஏறக்குறைய சரியாக வந்துவிடுகிறது.

பென்சில் கரியான கிராஃபைட் சுலபம், வெறும் அறுகோணத் தளங்கள். ஆனால் அடுக்கு இடைவெளியை மட்டும் விட்டுவிடாதீர்கள். தளத்துக்குள் அணுக்களுக்கு இடையே 0.142 நானோமீட்டர், அடுக்குகளுக்கு இடையே 0.335. கடலைக்குக் கடலை 6 செ.மீ. என்றால் அடுத்த தளம் 14 செ.மீ. உயரத்தில் நிற்க வேண்டும். அட்டைப்பெட்டிமேல் தூக்கி வைத்தோம். "இவ்வளவு தள்ளியா சார்?" என்றான் ஒருவன். அடுக்குகள் தள்ளி நிற்பதால் பிடிப்பு குறைவு; பென்சில் தாளில் ஏன் உதிர்கிறது என்பதை அப்புறம் அவர்களே சொல்லிவிட்டார்கள்.

அடுத்தது ஃபுல்லரீன், அதாவது பந்துபோல் மூடிய கார்பன் கூடு: 60 கடலை, 90 குச்சி, 12 ஐங்கோணம், 20 அறுகோணம். காயும்வரை எறும்பு வராமலிருக்க யாரிடமாவது வழி இருந்தால் சொல்லுங்கள்.