தாராவியில் புகை அடிச்சும் டெங்கு குறையலை, எங்கே தப்பு?

90அடி_ரோடு:
எங்க சந்துல 80 வீடு. பாதி நெல்லைப் பக்கத்து ஆளுங்க, மிச்சம் மராத்தி, உருது. "தண்ணீர் தேங்க விடாதீர்கள்"னு மூணு மொழியிலும் நோட்டீஸ் ஒட்டியாச்சு, ரெண்டு தடவை புகையும் அடிச்சாச்சு. மழை பிடிச்சா காய்ச்சல் திரும்ப வந்துடுது. வேற என்ன செய்யலாம்?

புழுவேட்டை:
நோட்டீஸ்ல எழுதினதுதான் தப்பு. தேங்குற தண்ணின்னா ஜனங்களுக்குச் சாக்கடைதான் ஞாபகம் வரும். டெங்குவைப் பரப்புற ஏடிஸ் கொசு தேடுறது நல்ல தண்ணியை: 200 லிட்டர் நீல டிரம், ஃபிரிட்ஜ் பின்னாடி இருக்கற தட்டு, தார்ப்பாய் பறக்காம இருக்கக் கூரை மேல போட்ட டயர். இந்த மூணையும் படமாப் போடுங்க. புகை பறக்குற கொசுவை மட்டும்தான் கொல்லும், தண்ணிக்குள்ள இருக்கற புழுவுக்கு ஒண்ணும் ஆகாது.

டார்ச் அடிச்சுப் பாருங்க. வெளிச்சம் பட்டதும் புழு அடியில ஓடும். ஒரு நிமிஷம் ஆடாம நின்னா மூச்சு விட மேல வரும். வீட்டுக்காரம்மாவே அதைப் பார்த்துட்டா நோட்டீஸே வேண்டாம்.

சயான்காரர்:
டிரம்மைக் காலி பண்ணினா மட்டும் போதாது அண்ணே. முட்டை தண்ணி மட்டத்துக்கு மேல சுவத்துல கறுப்புப் பொடி மாதிரி ஒட்டியிருக்கும், காஞ்சு போனாலும் மாசக்கணக்கில் சாகாது. தண்ணி பட்டதும் பொரிஞ்சுடும். அதனால நார் வெச்சு உள்சுவரை அழுத்தித் தேய்க்கணும், 7 நாளைக்கு ஒரு தடவை, ஒரே கிழமையில. முட்டை கொசுவாக ஒரு வாரம் பத்து நாள்தான் ஆகும். குழாய் தண்ணி வர அரை மணி முன்னாடி தேய்ச்சா தண்ணி வீணாகாது. மூடி உடைஞ்சிருந்தா துணியை இழுத்துக் கட்டுங்க. பிளாஸ்டிக் ஷீட் வேண்டாம், நடுவுல குழிஞ்சு அதுலயே மழைத்தண்ணி நிக்கும்.

வார்டு_வேலை:
தனித்தனியா சொன்னா நடக்காது. நகர்ப்புற சுகாதார இயக்கத்துல மகளிர் ஆரோக்கிய சமிதின்னு பெண்கள் குழு இருக்கு, 50லிருந்து 100 வீட்டுக்கு ஒண்ணு, வருஷத்துக்கு 5,000 ரூபாய் செலவுப் பணம். உங்க சந்துக்குச் சரியா வரும். டார்ச், பிரஷ் அதுல வாங்கலாம். வாராவாரம் எத்தனை வீட்ல புழுன்னு சுவத்துல எழுதுங்க. வீட்டு நம்பர் போடாதீங்க, அடுத்த வாரம் கதவு திறக்க மாட்டாங்க.

90அடி_ரோடு:
காய்ச்சல் வந்தவங்களுக்கு என்ன சொல்றது?

வார்டு_வேலை:
டெங்குவான்னு தெரிய ரத்தப் பரிசோதனை: காய்ச்சல் வந்த முதல் 5 நாளுக்குள்ள என்எஸ்1, அதுக்கப்புறம் ஐஜிஎம். பாராசிட்டமால் மட்டும், ஆஸ்பிரின், புரூஃபென், டைக்ளோ வலி ஊசி வேண்டாம், ரத்தக்கசிவு கூடும். காய்ச்சல் விட்டதும் வேலைக்குக் கிளம்பிடறாங்க, ஆபத்தே அந்த ரெண்டு நாள்தான். வயித்து வலி, ஓயாத வாந்தி, ஈறுல ரத்தம், அசதி, இதுல ஒண்ணு இருந்தாலும் நேரா ஆஸ்பத்திரி.