புதுப்பிப்பு: தசமக் கூட்டலும் உத்தேசக் கணக்கும்

12.4 + 3.85 = 5.09 என்று மகள் எழுதியதைப் பற்றி முன்பு போட்டிருந்தேன். புள்ளிக்கு நேராகப் புள்ளி வைக்காமல், வலது ஓரத்தை ஒட்டிக் கூட்டியதால் வந்த வினை. இப்போது கூட்டுவதற்கு முன்பே இரண்டையும் பக்கத்து முழு எண்ணாக்கி, உத்தேசமாக 12 + 4 = 16 என்று பென்சிலால் ஓரத்தில் குறித்துக்கொள்கிறாள். 16.25 வந்தால் சரி, 5.09 வந்தால் ரப்பரைத் தேடுகிறாள்.

எல்லாப் பிழையும் இதில் மாட்டுமா என்று கேட்டிருந்தீர்கள். மாட்டாது. விடையை 16.52 என்று இலக்கம் மாற்றி எழுதினால் தப்பிவிடும். அப்புறம், நான்கு 2.45 சேர்ந்தால் 9.80, உத்தேசமோ 8 என்கிறது. நான்கையுமே குறைத்து எடுப்பதால் வரும் இடைவெளி அது. அங்கே 2.5 என்று வைக்கச் சொல்கிறேன், 10 வரும். 0.4 + 0.35 போன்றவற்றை முழு எண்ணாக்கினால் பூஜ்ஜியம்தான் மிஞ்சும், 0.4 + 0.4 = 0.8 என்று பார்த்தால் போதும்.