சின்ன உடம்பு, லேசான ரைஃபிள்: உதை தாங்குமா?

தண்ணீர்மலைக்காரன் (பினாங்கு):

எல்லோருக்கும் வணக்கம். நியூசிலாந்தின் கிறைஸ்ட்சர்ச்சில் இருக்கும் என் மச்சான் வரும் ஜூனில் இமய வரையாடு வேட்டைக்குக் கூப்பிட்டிருக்கிறார். உரிமம் அவரிடம்தான். நான் அவர் பக்கத்திலேயே இருந்து அவருடைய ரைஃபிளில் சுடுவேன். புதிதாக ஒன்று வாங்கப்போகிறார், உனக்கும் ஒத்துவருகிற மாதிரி பார்த்து வாங்குகிறேன் என்கிறார். அங்கே கடையில் காட்டியது .300 வின்செஸ்டர் மேக்னம் என்ற பெரிய தோட்டா போடும் ரைஃபிள். ஸ்கோப்போடு சேர்த்தே 3 கிலோதான். மலை ஏற அது வசதி என்று எனக்கும் தோன்றுகிறது.

நான் 5 அடி 3 அங்குலம், 57 கிலோ. கெடாவில் எங்கள் பழத்தோட்டத்துக்குப் பன்றித் தொல்லை உண்டு. அதற்காக உரிமம் வாங்கிய 12 போர் ஒற்றைக்குழல் ஷாட்கன் வைத்திருக்கிறேன். சுடும்போது அது தோளில் கொடுக்கும் உதை பழகிவிட்டது. ஆனால் ஓடுகிற பன்றியை நின்று சுடுவது வேறு, 200 மீட்டருக்கு அப்பால் நிற்கும் ஆட்டைப் படுத்துக்கொண்டு ஸ்கோப்பில் பார்த்துச் சுடுவது வேறு. காயப்பட்ட ஆட்டைப் பாறை இடுக்கில் விட்டுவிட்டு வரும் நிலை வரக்கூடாது. இந்த லேசான ரைஃபிளின் உதை எனக்குத் தாங்குமா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

செந்தூல் அண்ணன் (கோலாலம்பூர்):

தம்பி, அந்த ரைஃபிள் வேண்டாம். மச்சானுக்கு இன்றைக்கே சொல்லிவிடுங்கள்.

நான் தென் தீவில் பல வருடம் வேலை பார்த்தவன், குளிர்காலத்தில் அந்த மலைகளில் நிறைய நடந்திருக்கிறேன். அங்கே இருக்கும் வரையாடு, 1904-ல் மவுண்ட் குக் பக்கம் கொண்டுவந்து விட்ட ஆடுகளின் வம்சம். நம் நீலகிரி வரையாடு மாதிரியேதான், செங்குத்துப் பாறையில் நிற்கும். அதனால் ரைஃபிள் லேசாக இருக்க வேண்டும் என்கிற உங்கள் ஆசை நியாயம்தான். ஆனால் குண்டும் வெடிமருந்தும் அதேதான் என்றால், ரைஃபிளின் எடை 4 கிலோவிலிருந்து 3 கிலோவுக்கு இறங்கும்போது உதையின் ஆற்றல் மூன்றில் ஒரு பங்கு கூடும். தோளுக்கு மிச்சப்படுத்த வேண்டுமானால் தோட்டாவில்தான் குறைக்க முடியும்.

கணக்குப் போட்டுப் பார்த்தேன். 180 கிரெயின் (குண்டின் எடையைச் சொல்லும் அளவு) குண்டு போட்ட .300 மேக்னம், 3 கிலோ ரைஃபிளில் ஏறக்குறைய 50 ஜூல் உதைக்கும். உங்கள் 12 போர் சாதாரணத் தோட்டாவில் சுமார் 40. அதே இடத்தில் 140 கிரெயின் 6.5 கிரீட்மோர் என்ற சிறிய தோட்டாவை மூன்றரை கிலோ ரைஃபிளில் வைத்தால் 18 தான் வரும். .308 தோட்டா என்றால் 22, 23. இந்த வித்தியாசத்தில் மருந்துக்கும் பெரிய பங்கு உண்டு. மேக்னத்தில் மருந்து எக்கச்சக்கம். அது வாயுவாகக் குழலைவிட்டுப் பாயும்போதும் ரைஃபிளைப் பின்னால் தள்ளும்.

வரையாட்டுக்கு 6.5 கிரீட்மோர் போதும், 7எம்எம்-08 இன்னும் திருப்தி. இரண்டில் ஒன்று, டிக்கா டி3எக்ஸ் லைட் மாதிரி ஸ்கோப் இல்லாமல் 3 கிலோவுக்குச் சற்றுக் கீழே இருக்கும் ரைஃபிளில். ஸ்கோப்பும் தோட்டாவும் சேர்ந்தால் மூன்றரை வரும். அந்த அரைக் கிலோவை உங்கள் முதுகுப்பையில் குறைத்துக்கொள்ளுங்கள். நுரையீரல் பகுதியில் பட்ட 6.5 ஆட்டைச் சீக்கிரம் சாய்க்கும். கண்ணை மூடிக்கொண்டு சுட்ட மேக்னம் வயிற்றில் படும், நீங்கள் பயப்படுவதும் அதுதானே?

இன்னொன்று. ரைஃபிள் கட்டையின் (தோளில் பதியும் பின்பகுதி) நீளம். கடையில் டி-சட்டையோடு தோளில் வைத்துப் பார்த்தால் சரியாகத்தான் இருக்கும். ஜூனில் அங்கே மேலே பனி. இரண்டு மூன்று அடுக்குச் சட்டை போட்டிருப்பீர்கள், கட்டை ஒன்றிரண்டு சென்டிமீட்டர் நீண்ட மாதிரி ஆகிவிடும். அடிக்கட்டை தோள்குழியில் உட்காராமல் கை மூட்டுப் பக்கம் நழுவும், அப்போது 18 ஜூலும் வலிக்கும். உங்கள் உயரத்துக்குக் கட்டையைக் கொஞ்சம் குறைத்து, நல்ல மென்மையான ரப்பர் பேட் போடச் சொல்லுங்கள். மச்சான் உயரமானவர் என்றால் அவருக்கு ஒரு இடைத்துண்டு போட்டுக்கொள்ளலாம்.

கிள்ளான் வள்ளி:

அண்ணன் சொன்னதை ஒத்துக்கொள்கிறேன். நான் கிளப்பில் சுடுகிறவள், வேட்டைக்குப் போனதில்லை. ஆனால் பயிற்சியைப் பற்றிச் சொல்லலாம்.

உதை வரும் முன்பே உடம்பு சுருங்கி விசையைச் சுண்டி இழுப்பதுதான் குறி தவறக் காரணம், அதுவும் பெரும்பாலும் சத்தத்தால் வருகிறது. காதுக்குள் அடைப்பான், அதன் மேல் காதை மூடும் மஃப், இரண்டும் போடுங்கள். இங்கே இருக்கும்போதே ஒரு கிளப்பில் சேர்ந்து, பயிற்றுநர் மேற்பார்வையில் .22 என்ற சின்னத் தோட்டா ரைஃபிளில் பழகுங்கள். உதை கிட்டத்தட்ட இல்லாத துப்பாக்கியில்தான் விரல் விசையை மெதுவாக அழுத்தக் கற்றுக்கொள்ளும்.

அங்கே போனதும் மச்சானை ரைஃபிளில் தோட்டா போடச் சொல்லுங்கள். சில தடவை நிஜத் தோட்டா, சில தடவை மருந்தில்லாத டம்மி, எது என்று உங்களுக்குத் தெரியக்கூடாது. டம்மியில் குழல் முனை துள்ளினால் நீங்கள் பயந்து இழுக்கிறீர்கள் என்று அர்த்தம். ஒரு நாளில் பத்துப் பதினைந்து தோட்டா போதும், தோள் நோக நோகச் சுட்டால் பயம்தான் பழகும். மெல்லிய குழல் சீக்கிரம் சூடாகி குண்டு படும் இடம் சிதறும், மூன்று சுட்டதும் ஆறவிடுங்கள்.

தண்ணீர்மலைக்காரன்:

அண்ணே, வள்ளி அக்கா, ரொம்ப நன்றி. மச்சானிடம் பேசினேன், 7எம்எம்-08 என்று முடிவாகிவிட்டது. கடைக்காரர் குழல் முனையில் மசில் பிரேக் போட்டுக்கொள்ளுங்கள், உதை பாதியாகும் என்கிறாராம். போடலாமா? நடைக்கு வாரா வாரம் மூன் கேட்டிலிருந்து இங்கே கொடிமலை (பினாங்கு ஹில்) ஏற ஆரம்பித்திருக்கிறேன்.

செந்தூல் அண்ணன்:

பிரேக் உதையை நன்றாகவே குறைக்கும். ஆனால் வாயுவைப் பக்கவாட்டில் திருப்பிவிடும், சத்தம் முழுவதும் பக்கத்தில் படுத்திருக்கும் மச்சான் காதில் அறையும். நியூசிலாந்தில் சைலன்சர் சட்டப்படி சாதாரணமாகப் புழங்குவது, அதைப் போடச் சொல்லுங்கள். உதையும் குறையும், சத்தமும் குறையும். முனையில் கொஞ்சம் எடை கூடுவதால் லேசான ரைஃபிள் துள்ளாமலும் நிற்கும்.

ஸ்கோப் வாங்கும்போது கண்ணுக்கும் கண்ணாடிக்கும் 9 சென்டிமீட்டராவது இடைவெளி கிடைக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். அங்கே பாதி நேரம் மேல்நோக்கித்தான் சுட வேண்டியிருக்கும். படுத்து மேலே குறிவைக்கும்போது முகம் தானாக முன்னே நகரும், புருவத்தில் ஸ்கோப் விளிம்பு வெட்டிய தழும்போடு திரிகிறவர்கள் நிறையப் பேர். முன்கையைச் சும்மா தாங்கலாக வைக்காமல் ரைஃபிளை லேசாகப் பின்னிழுத்துப் பிடியுங்கள். பாறைமேல் நேராக வைக்காதீர்கள், பையை மடித்து அடியில் கொடுங்கள்.

கிளம்பும் முன் சட்டைப் பை, முதுகுப்பை எல்லாவற்றையும் உதறிப் பாருங்கள். ஒரு தோட்டா மிஞ்சியிருந்தாலும் கோலாலம்பூர் விமான நிலையத்தில் (கே.எல்.ஐ.ஏ.) மலேசியாவின் 1960 ஆயுதச் சட்டத்தில் மாட்டிக்கொள்வீர்கள். உங்கள் 12 போர் உரிமம் அதற்கு உதவாது. சுட்டு முடித்த தோட்டாக்களின் வெறும் கூடுகளையும் மச்சானிடமே விட்டுவிட்டு வாருங்கள்.