6,400 ரெய்ஸ் பொற்காசில் அடைப்பும் மூன்று ‘ஜி’ முத்திரைகளும்: உதவி தேவை

கேள்வி:
வணக்கம். ரியோ டி ஜெனிரோவில் 1771இல் அச்சிடப்பட்ட, போர்ச்சுகல் மன்னர் முதலாம் ஜோசேயின் தலை பொறித்த 6,400 ரெய்ஸ் (அக்காலப் போர்ச்சுகல் நாணய அலகு) பொற்காசு ஒன்றை அண்மையில் ஏலத்தில் வாங்கினேன். 14.34 கிராம் இருக்க வேண்டிய காசு 11.2 கிராம்தான் இருக்கிறது. விளிம்பு சீவப்பட்டுள்ளது, நடுவில் சற்றே வேறு நிறமுள்ள தங்கத் துண்டு அடைக்கப்பட்டு, அதன்மேல் இரண்டு எழுத்துகள் குத்தப்பட்டுள்ளன, ஓரத்தில் மூன்று இடங்களில் ஆங்கில ‘ஜி’ எழுத்து இருக்கிறது. இது பழுதான காசா? அடைப்பை எடுத்துவிடலாமா?

பதில் 1:
ஐயா, அடைப்பைத் தயவுசெய்து தொடாதீர்கள். இந்தக் காசின் வரலாறே அதில்தான் இருக்கிறது. அவருக்கு முன்பு ஆண்ட மன்னர் ஐந்தாம் ஜுவாவின் பெயரால் ‘ஜோ’ என்று அழைக்கப்பட்ட இந்தப் பிரேசில் காசுகள் கரீபியத் தீவுகளில் கைமாறும்போதெல்லாம் சுரண்டப்பட்டு எடை இழந்தன. எனவே அத்தீவுகளுள் ஒன்றான கிரெனடாவில் 1798இல், 7 பென்னிவெயிட் 12 கிரெயின், அதாவது ஏறத்தாழ 11.7 கிராம் எடையுள்ள ஜோ உள்ளூர்க் கணக்கில் 66 ஷில்லிங் பெறும் என்று விதித்தார்கள். எடை குறைந்தவற்றில் பொற்கொல்லர் தங்கம் அடைத்துத் தம் பெயரெழுத்துகளைக் குத்தினார். மேலும் எவரும் சுரண்டாதிருக்க ஓரத்தில் கிரெனடாவைக் குறிக்கும் மூன்று ‘ஜி’க்கள் இடப்பட்டன. செயின்ட் வின்சென்ட் தீவில் அதே முறையில் ‘எஸ்’ இட்டார்கள். மற்றொரு கரீபியத் தீவான குவாதலூப்பின் ‘ஜி’ என்றால் 82.10 என்ற எண்ணும் உடன் இருக்கும்.

பதில் 2:
மேலே சொன்னது சரியே. ஆயினும் சேகரிப்பாளர்களை ஏமாற்றப் பிற்காலத்தில் குத்திய போலி முத்திரைகள் மிகுதி. எடை குறைவாகவே செய்யப்பட்ட போலி ஜோக்களும் அக்காலத்திலேயே புழங்கின. உரைகல்லில் தேய்க்காமல், காசை நூலில் கட்டி நீரில் மூழ்கடித்து எடை பாருங்கள்; 22 காரட்டுக்கு ஒப்படர்த்தி (காசின் எடையை நீரில் குறையும் எடையால் வகுத்த எண்) 17.5 அளவில் வர வேண்டும். அடைப்பின் மாற்று (தங்கத்தின் தூய்மை) குறைவாக இருந்தால் எண் சற்று இறங்கும். உருப்பெருக்கியில் ஒவ்வொரு ‘ஜி’யும் இப்போதைய விளிம்புக்குள் முழுமையாக இருக்கிறதா என்றும் பாருங்கள்.

கேள்வி கேட்டவர்:
நன்றி. நீரில் 0.64 கிராம் குறைகிறது, ஒப்படர்த்தி 17.5. இரண்டு ‘ஜி’க்கள் முழுமையாக உள்ளன, மூன்றாவதில் பாதியை விளிம்பு வெட்டியிருக்கிறது.

பதில் 2:
அப்படியானால் முத்திரை இட்ட பிறகும் ஒருவர் அந்த இடத்தில் சீவியிருக்கிறார். விதித்த எடைக்கு அரை கிராம் குறைவதும் அதனோடு பொருந்துகிறது. விளிம்பின் அந்தப் பகுதியை நெருக்கமாகப் படமெடுத்து இங்கே இடுங்கள். வெட்டு பழையதா புதியதா என்று பார்த்த பிறகே முத்திரையைப் பற்றி முடிவு சொல்ல இயலும்.