குழு சொன்னது 375, அரசு சொன்னது 178. அப்புறம் நிபுணர் குழு எதற்கு?

நூல்கண்டு:
திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்க்கிறேன். மத்திய அரசு அமைத்த அனூப் சத்பதி குழு 2019-ல் அறிக்கை கொடுத்தது. ஆளுக்கு ஒரு நாளைக்கு 2400 கலோரி, 50 கிராம் புரதம் என்று சாப்பாட்டிலிருந்து கணக்கை ஆரம்பித்து, நாடு முழுக்கக் குறைந்தபட்சக் கூலி நாளுக்கு 375 ரூபாயாவது வேண்டும் என்றார்கள். அதே ஜூலையில் அரசு அறிவித்தது 178. முன்பு இருந்த 176-க்கு மேல் இரண்டே ரூபாய்! கேட்க மாட்டார்கள் என்றால் குழு எதற்கு?

சங்கத்துக்காரர்:
நியாயமான கோபம். அப்போதிருந்த 1948 குறைந்தபட்சக் கூலிச் சட்டத்திலேயே குழு ஆலோசனைதான் சொல்ல முடிந்தது, முடிவு அரசுடையதாக இருந்தது. ஆனாலும் குழு வீண் இல்லை. நான் ஒருமுறை மாநிலக் குழுவில் தொழிலாளர் தரப்பில் உட்கார்ந்திருக்கிறேன். முதலாளிகளும் நாங்களும் சம எண்ணிக்கை, சார்பில்லாதவர்கள் மூன்றில் ஒரு பங்குக்குள். எட்டு சதவீதமா பத்து சதவீதமா என்றே இழுத்துக்கொண்டிருந்தபோது எங்கள் தோழர் ஒருவர் ஆறு மாத மளிகைச் சீட்டுகளை நூலில் கோத்து எடுத்து வந்து மேஜையில் வைத்தார். எதிர்த்தரப்பில் ஒருவர் ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்துவிட்டு, "நாலு பேருக்கு மாதம் ஒரு லிட்டர் எண்ணெய்தானா?" என்று கேட்டார். அதற்குப் பிறகுதான் பேச்சு சாப்பாட்டுக்கு வந்தது.

கடலோடி:
பிரிட்டனைப் பாருங்கள். 1997-ல் அமைத்த குறைந்த ஊதிய ஆணையத்தில் ஒன்பது பேர்: முதலாளி தரப்பு, தொழிலாளர் தரப்பு, சார்பில்லாதவர்கள், தலா மூன்று. மணிக்கு 3.60 பவுண்டு என்று அவர்கள் சொன்னது 1999 ஏப்ரலில் அப்படியே அமலானது. அங்கும் எல்லாவற்றையும் கேட்கவில்லை, 18 முதல் 20 வயதுக்காரர்களுக்கு 3.20 என்றதை அரசு 3 பவுண்டாகக் குறைத்தது. ஆனால் பரிந்துரையை மாற்றினால் காரணத்தை நாடாளுமன்றத்தில் எழுதி வைத்தாக வேண்டும், சட்டம் அப்படி. நம்மிடம் இல்லாதது இதுதான். 375 எப்படி 178 ஆனது என்று பதில் சொல்ல வேண்டிய கட்டாயம் யாருக்கும் இல்லை, 2021-ல் இன்னொரு குழுவை அமைத்துவிட்டார்கள், அவ்வளவுதான்.

சங்கத்துக்காரர்:
சரியாகச் சொன்னீர்கள். அரசு, முதலாளி, தொழிலாளர் என முத்தரப்பும் கூடுகிற இந்தியத் தொழிலாளர் மாநாடு கடைசியாக 2015-ல் நடந்தது. கூலியைக் கலோரியிலும் துணியிலும் கணக்கிட வேண்டும் என்று 1957-ல் முடிவெடுத்ததே அந்த மாநாடுதான். இன்னொன்று: அந்த 178 சட்டப்படி எந்த மாநிலத்தையும் கட்டுப்படுத்தாத எண். 2025 நவம்பர் 21-ல் அமலுக்கு வந்த ஊதியச் சட்டத்தில் அப்படியில்லை, மத்திய அரசு குறிக்கும் அடிமட்டக் கூலிக்குக் கீழே எந்த மாநிலமும் போக முடியாது. அதனால் கூலி பற்றி அரசுக்கு யோசனை சொல்லும் ஆலோசனை வாரியத்தில் யார் உட்காருகிறார்கள் என்பது முன்னைவிட முக்கியம். உறுப்பினர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள் இருக்க வேண்டும் என்றும் அதில் இருக்கிறது.

நூல்கண்டு:
எங்கள் செக்கிங் டேபிளில் பதினாலு பேர், அத்தனை பேரும் பெண்கள். வாரியத்துக்கு எங்களைப் போல ஒருத்தி பெயர் போக வேண்டுமென்றால் யாரைப் பார்க்க வேண்டும், அண்ணா? மளிகைச் சீட்டு எங்களிடமும் இருக்கிறது.