அங்கோர் கோயில்களும் கோ ரோங் தீவும் ஒரே பயணத்தில்: போய் வந்தவர்கள் சொல்லுங்கள்

பாலாற்றங்கரை

கம்போடியாவின் அங்கோர் வாட் கோயில் பற்றி இங்கே யாருக்கும் அறிமுகம் தேவையில்லை, நேராக விஷயத்துக்கு வருகிறேன். ஆறு நாள் லீவு. அம்மா, தம்பி, நான். பாதி கோயிலுக்கு, பாதி கடலுக்கு என்று பிரித்திருந்தேன். கோயில்களுக்குப் பக்கத்து ஊரான சியாம் ரீப்பில் இறங்கி, பிறகு கடற்கரை ஊரான சிஹானுக்வில், அங்கிருந்து படகில் கோ ரோங். எழுதிப் பார்த்தபோது எல்லாம் சரியாகத்தான் வந்தது. வழியிலேயே ஒன்றரை நாள் கரையும் என்பதை நான் கணக்கில் எடுக்கவில்லை.

மேற்கு வாசலில் நுழைந்து வலப்பக்கம் திரும்பினால் சுவர் முழுக்கக் குருக்ஷேத்திரம், ஏறத்தாழ 50 மீட்டர் நீளத்துக்கு. கைடு ஆங்கிலத்தில் ஆரம்பித்தார். அம்மா அவரைத் தாண்டிப் போய் ஓரிடத்தில் நின்றுவிட்டார். "டேய், இங்க பாருடா, பீஷ்மர். அம்புப் படுக்கை." எங்கள் ஊர் திரௌபதி அம்மன் கோயிலில் வருஷா வருஷம் பாரதம் கேட்டு வளர்ந்தவர் அவர். அடுத்தது யார், எந்தத் தேர் யாருடையது என்று சொல்லிக்கொண்டே போனார். கைடு பேசுவதை நிறுத்திவிட்டு, "உங்கள் அம்மா என்ன சொல்கிறார்?" என்று என்னிடம் கேட்டார். நான் மொழிபெயர்த்தேன்.

அந்த நேரத்தில் மணி பார்த்தேன். மதியம் கிளம்பியாக வேண்டும். "பாற்கடல் கடையறது இருக்குன்னு சொன்னியே, அது எங்கடா?" என்றார். அது பின்பக்கம், கிழக்குச் சுவரில். "நேரமில்லம்மா" என்று சொல்லிக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தேன். மேல் தளமும் மூடியிருந்தது, ஏதோ விசேஷ நாளாம். பௌர்ணமியில் பெருமாளைப் பார்க்க வேண்டும் என்று அம்மா ஆசைப்பட்டதால்தான் அந்தத் தேதியையே பிடித்தோம்.

தீவில் கடல் அழகுதான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் அங்கே இருந்த நாளெல்லாம் அம்மா மரத்தடியில் உட்கார்ந்திருந்தார். இப்போது அவருக்கு முட்டி வலி. நீங்களெல்லாம் நாளை எப்படிப் பிரித்தீர்கள்?

பொருநை

நாள் பிரிப்பது நம் கையில் இருந்தால்தானே. நாங்கள் போனது செப்டம்பர் கடைசியில், காலாண்டு லீவில். கோயில் முடித்துவிட்டு சிஹானுக்வில் வந்தோம். காலைப் படகு இல்லை என்றார்கள். பிறகு மதியப் படகும் இல்லை. காற்று. மறுநாளும் அதே கதை.

என் மகள் அப்போது இரண்டாம் வகுப்பு. நீச்சல் கண்ணாடியை நெற்றியில் மாட்டிக்கொண்டு, மடியில் மணல் வாளியை வைத்துக்கொண்டு, படகுத்துறையில் ஒரு சிமெண்டுக் கட்டையில் உட்கார்ந்திருந்தாள். அழவில்லை. "அப்பா, தீவு எந்தப் பக்கம் இருக்கு?" என்று மட்டும் கேட்டாள். மழையில் ஒன்றும் தெரியவில்லை. நான் ஏதோ ஒரு திசையில் விரலை நீட்டினேன். அவள் அந்தப் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். சரியான திசையைக் கூட விசாரித்துச் சொல்லாமல் விட்டேனே என்பது இன்னும் உறுத்துகிறது.

மே முதல் அக்டோபர் வரை அங்கே தென்மேற்குப் பருவமழை. அந்த மாதங்களில் போகவே போகாதீர்கள்.

மழைத்தோழி

பொருநை, உங்கள் மகளை நினைத்தால் மனசு கஷ்டமாக இருக்கிறது. ஆனால் போகவே போகாதீர்கள் என்பதை ஒப்புக்கொள்ள மாட்டேன். கடலுக்கு அது சரி, கோயிலுக்குச் சரியில்லை.

நான் அக்டோபர் முதல் வாரம் தா ப்ரோமில் நின்றேன். ஏழாம் ஜெயவர்மன் தன் தாய்க்காக எழுப்பிய கோயில், 1186. மழை பிடித்ததும் கூட்டம் எல்லாம் வெளியே ஓடிவிட்டது. உள்ளே நானும், இலை பெருக்கும் ஒரு பெண்ணும்தான். சுவரைக் கவ்விய வேர்களின் வழியே தண்ணீர் இறங்கி, பாசி படிந்த கல்லெல்லாம் பச்சையாக ஒளிர்ந்தது. அந்தப் பெண் துடைப்பத்தைச் சாய்த்துவிட்டு, நான் நனையாமல் நிற்க இடம் விட்டு நகர்ந்துகொண்டாள். இருவரும் பேசவில்லை. அதே இடத்தை ஏப்ரலில் பார்த்த என் அக்கா வெயிலில் மயங்கி விழாத குறை.

இனிப் போகிறவர்களுக்குச் சொல்கிறேன். முதலில் தீவு, கடைசியில் கோயில் என்று வையுங்கள். எல்லோரும் தலைகீழாகச் செய்கிறார்கள். படகு நின்றுபோனால் ஊர் திரும்பும் விமானமே போய்விடும். கோயிலைக் கடைசியில் வைத்தால் கோயிலில் ஒரு நாள் குறையும், அவ்வளவுதான். சென்னையிலிருந்து எப்படியும் பாங்காக், கோலாலம்பூர், சிங்கப்பூர் என்று எங்காவது மாறித்தான் போக வேண்டும். அதனால் போகும்போது ப்னோம் பென்னில் இறங்கி, திரும்பும்போது சியாம் ரீப்பில் ஏறுங்கள். ப்னோம் பென்னிலிருந்து சிஹானுக்வில்லுக்கு 2022இல் விரைவுச் சாலை திறந்துவிட்டார்கள். 187 கிலோமீட்டர், இரண்டு மணி நேரச் சொச்சம். அங்கிருந்து கோ ரோங்குக்கு வேகப் படகில் முக்கால் மணி நேரம். சியாம் ரீப்பின் புது விமான நிலையம் ஊரிலிருந்து 40 கிலோமீட்டருக்கு மேல் தள்ளி இருக்கிறது. பழைய நினைப்பில் கடைசி நேரத்தில் கிளம்பாதீர்கள்.

அங்கோர் டிக்கெட் ஒரு நாளுக்கு 37 டாலர், மூன்று நாளுக்கு 62, ஏழு நாளுக்கு 72. மூன்று நாள் டிக்கெட்டை அடுத்தடுத்த நாட்களில்தான் பயன்படுத்த வேண்டும் என்றில்லை, பத்து நாளுக்குள் எந்த மூன்று நாளும் போகலாம். வயதானவர்களோடு போகிறவர்கள் நடுவில் ஒரு நாள் ஓய்வு விடுங்கள். தாய்லாந்து கோ சாங் தீவையும் சேர்த்துத் தரை வழியாகப் போகலாம் என்று பழைய பதிவுகளில் இருக்கும். 2025இல் இரு நாடுகளுக்கும் நடந்த சண்டையில் அந்த எல்லையை மூடினார்கள். இன்றைய நிலையை விசாரிக்காமல் பணம் கட்டாதீர்கள்.

நிலாவெளி மணல்

எல்லாரும் கம்போடியாவைப் பற்றியே கதைக்கிறீங்கள். கோயிலும் தீவும் வேணுமெண்டால் திருகோணமலைக்குப் போங்கோ. இரண்டுக்கும் நடுவில அரை மணித்தியாலப் பயணம், அவ்வளவுதான்.

நான் கனடாவில இருந்து அம்மம்மாவோட போனனான். அவ ஊரை விட்டு வந்து முப்பது வருசத்துக்கு மேல. கோணேசர் கோயிலுக்குப் பிரெட்ரிக் கோட்டைக்குள்ளால மேல ஏற வேணும், வழியெல்லாம் மான் நிக்கும். 17ஆம் நூற்றாண்டில போர்த்துக்கேயர் இடிச்ச கோயில், இப்ப நிக்கிறது பிறகு கட்டினது. அம்மம்மா இராவணன் வெட்டு எண்ட பாறைப் பிளவுப் பக்கம் போய், கம்பியைப் பிடிச்சுக்கொண்டு, சம்பந்தர் கோணமலைக்குப் பாடின பதிகத்தைத் தொடங்கினா. கீழ கடல் கிடுகிடு பள்ளத்தில இரையுது. காத்து அவவின்ர குரலைத் தூக்கிக்கொண்டு போகுது. பக்கத்தில நிண்ட எனக்கே அரைவாசி கேக்கேல்ல. அவ நிப்பாட்டேல்ல, பதிகம் முழுக்கப் பாடி முடிச்சா. நான் ஃபோனை வெளியில எடுக்கேல்ல. அவ இப்ப இல்லை. அந்தக் குரல் என்னட்டை ஒரு இடத்திலயும் பதிவாகி இல்லை.

அடுத்த நாள் நிலாவெளியில இருந்து புறாத்தீவு. கரையில இருந்து ஒரு கிலோமீட்டர்தான், முருகைக்கல்லும் (பவளப்பாறை) சின்னச் சுறாக்களும் கண்ணாடி போட்டுப் பாக்கலாம். தயவு செய்து முருகைக்கல்லில ஏறி நிக்காதேங்கோ, அது உயிர். பொருநை அண்ணா, உங்கட பள்ளிக்கூட லீவுக்கு இந்தப் பக்கம்தான் பொருத்தம். மே தொடக்கம் செப்டம்பர் வரை கிழக்குக் கடல் குளம் மாதிரிக் கிடக்கும். மார்கழி, தையில போனால்தான் அலை அடிக்கும்.

கல்வெட்டுப் பித்தன்

நிலாவெளி சகோதரி சொன்ன இடம் அருமைதான், ஆனால் ஒன்றுக்கு ஒன்று மாற்று இல்லை. அங்கோர் வேறு.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். அங்கோரைத் தமிழன் கட்டினான் என்று வீடியோவுக்கு வீடியோ சொல்கிறார்கள். கட்டியது கெமர் அரசன் இரண்டாம் சூரியவர்மன், 12ஆம் நூற்றாண்டின் முற்பாதியில். அங்குள்ள கல்வெட்டுகள் சமஸ்கிருதமும் பழைய கெமரும். நமக்கும் அவர்களுக்கும் இருந்த உறவுக்கு உண்மையான சான்றே இருக்கும்போது இல்லாததை ஏன் சொல்ல வேண்டும்? காம்போஜ (கம்போடிய) அரசன் குலோத்துங்கச் சோழனுக்குக் காட்டிய கல் ஒன்றைக் கோயிலில் பதித்ததாகச் சிதம்பரத்திலேயே கல்வெட்டு இருக்கிறது.

பந்தேய் ஸ்ரேய் போனவர்கள் கிழக்குக் கோபுர முகப்பை நிமிர்ந்து பார்த்தீர்களா? 967இல் குடமுழுக்கு ஆன சிவன் கோயில். இளஞ்சிவப்புக் கல், சந்தன மரத்தில் செதுக்கியது போன்ற வேலை. சிவன் ஆடுகிறார், காலடியில் எலும்பும் தோலுமாக, வற்றிய முலையோடு ஒரு பெண். காரைக்கால் அம்மையார் என்று அறிஞர்கள் அடையாளம் சொல்கிறார்கள். நான் காரைக்காலுக்குப் பக்கத்து ஊர். மாங்கனித் திருவிழாவில் மாம்பழம் பொறுக்கிய பையன். அந்த ஊர்க்காரி இவ்வளவு தூரத்தில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்ததும் என் பின்னால் வந்த சீனக் குடும்பத்துக்கு வழி விடக்கூடத் தோன்றவில்லை. யாரிடமாவது சொல்ல வேண்டும் போல இருந்தது. தனியாகப் போயிருந்தேன்.

மழைத்தோழி கணக்கில் ஒரு குறை. பந்தேய் ஸ்ரேய் போய்ப் பார்த்து வர அரை நாள் பிடிக்கும். ஒரு நாள் டிக்கெட் எடுத்துவிட்டு இதை விட்டுவிடாதீர்கள்.

மல்லிகைச்சரம்

எங்களுடையது சின்ன அனுபவம். படகு டிக்கெட் கவுண்டரில் 20 டாலர் நோட்டு கொடுத்தேன். ஓரத்தில் நகக்கண் அளவுக் கிழிசல். தள்ளிவிட்டார்கள். அடுத்ததை எடுத்தேன், அதில் மை. அதையும் வாங்கவில்லை. ஊரில் மாற்றிக் கொடுத்தவர்கள் பாதிக்கு மேல் அப்படிப்பட்ட நோட்டாகவே கொடுத்திருந்தார்கள், நான் எண்ணினேனே தவிர விரித்துப் பார்க்கவில்லை. பின்னால் வரிசையில் இருபது பேர். வியட்நாம் பெண் ஒருத்தி தன் புது நோட்டை என் கையில் வைத்து, என் கிழிந்ததை வாங்கிக்கொண்டாள். அவளுக்கு அது எங்கே செல்லுபடியானதோ தெரியாது. பெயர்கூடக் கேட்கவில்லை. டாலரை ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் பார்த்து வாங்குங்கள்.

ஆடி அமாவாசை

பாலாற்றங்கரை அண்ணா, உங்களுக்கு மேல் தளம் மூடியிருந்ததற்குக் காரணமே பௌர்ணமிதான். அமாவாசை, பௌர்ணமி, இரண்டு அஷ்டமி என்று மாதம் நான்கு நாள் அவர்களுக்குப் பௌத்த விரத நாள். அன்றைக்கு மேலே யாரையும் ஏற்ற மாட்டார்கள். மற்ற நாட்களில் தோளும் முழங்காலும் மூடியிருந்தால் விடுவார்கள். ஆனால் கடலில் நீலமாக மின்னும் உயிரிகளைப் பார்க்க நிலா இல்லாத இரவுதான் வேண்டும். ஆகவே நம் தினசரிக் காலண்டரைக் கையில் எடுங்கள். அமாவாசை தீவில் விழ வேண்டும், கோயில் நாட்கள் அஷ்டமிக்கு முன்னால் முடிய வேண்டும். நான் அப்படித்தான் தேதி போட்டேன்.

மாமியாரோடு போனோம். மாமா போய் இரண்டு வருடம் ஆகியிருந்தது. அத்தை அமாவாசை விரதம் விடமாட்டார். அந்தத் தீவில் எதைக் கேட்டாலும் மீன் சாறு கலந்திருந்தது, அன்று முழுக்க வாழைப்பழமும் இளநீரும்தான். இரவு விளக்குகள் அணைந்த பிறகு கரைக்குக் கூட்டிப் போனேன். முழங்கால் தண்ணீரில் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு நின்றார். காலை அசைத்ததும் சுற்றிலும் பொறி. "யாரும்மா இதுக்குள்ள விளக்கேத்தினது?" என்றார். பிறகு ஒரு கை தண்ணீர் அள்ளி, மாமா பெயரை மெல்லச் சொல்லி, விரல் வழியே விட்டார். அது ஒளியாகவே ஒழுகியது. இன்னொரு கை அள்ளினார். அவருடைய அப்பா பெயர். பிறகு எனக்குத் தெரியாத பெயர்கள். ஒரு குழந்தையின் பெயரும் அதில் இருந்தது. எங்கள் வீட்டில் அப்படி ஒரு குழந்தை இருந்ததாக யாரும் சொன்னதில்லை. என் கணவரிடமும் நான் இதுவரை கேட்கவில்லை.

பாலாற்றங்கரை

எல்லாவற்றையும் அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். காரைக்கால் அம்மையார் வந்த இடத்தை மறுபடி வாசிக்கச் சொன்னார். கடைசிப் பதிவுக்கு ஒன்றும் சொல்லாமல் எழுந்து உள்ளே போய்விட்டார். ராத்திரி சாப்பிடும்போது, "அந்தப் பாற்கடல் சுவத்துக்கு எவ்வளவு தூரம் நடக்கணும்?" என்று கேட்டார்.

ஜனவரியில் பார்க்கிறேன், ஏழு நாள் டிக்கெட். அமாவாசை எந்தத் தேதி என்று குறித்துவிட்டேன். ஒரே ஒரு சந்தேகம், சமீபத்தில் போனவர்கள் சொல்லுங்கள்: மேற்குப் பக்கத்து நீண்ட பாலத்தில் நடக்க விடாமல், துக்துக்கில் கிழக்கு வாசலுக்கே கொண்டுபோய் இறக்கினால், அந்தச் சுவருக்கு எத்தனை படி ஏற வேண்டியிருக்கும்?